முன்னிலை மாற்றமும் தனிக்குரலும்: பாரதியின் கவிதை வாழ்வு (1882 – 1921)

ஆய்வுச் சுருக்கம்

சுப்பிரமணிய பாரதியின் தனித்த கவிதைக் குரல் இயல்பாகவே அமைந்த பிறவிப் பேறு என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் கால வரிசையில் நோக்கினால், அக்குரல் படிப்படியாக ஈட்டப்பட்டது என்பது புலனாகும். புரவலர், இதழ் வாசகர், கட்புலனாகாத கேட்போர் என அவருடைய கவிதை யாரை முன்னிலைப்படுத்தியது என்பதில் நிகழ்ந்த மாற்றமே அவருடைய சொல், யாப்பு, பாடுவோன் நிலை ஆகியவற்றையும் மாற்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1897 ஆம் ஆண்டிலும் 1919 ஆம் ஆண்டிலும் எட்டயபுர அரண்மனைக்கு அவர் விடுத்த சீட்டுக்கவிகள் இம்மாற்றத்தை அளக்கும் இரு எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பாரதி, சீட்டுக்கவி, முன்னிலை, சிந்து, இதழியல், புதுச்சேரி, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம்

முன்னுரை

பதினோராம் வயதில் பாரதி என்னும் பட்டம் பெற்றவர் என்ற செய்தி, சுப்பிரமணியனின் வாழ்க்கை வரலாறுகள் அனைத்திலும் முதலிடம் பெறுகிறது. இச்செய்தி உண்மையே. எனினும், அது ஒரு பிழையான முடிவுக்கும் இடமளித்துள்ளது. பட்டம் பெற்ற சிறுவனிடமே பிற்காலப் பாரதி முழுமையாக உறைந்திருந்தார் என்றும், காலம் அவரை வெளிப்படுத்தியதேயன்றி உருவாக்கவில்லை என்றும் கொள்ளும் போக்கே அது. இன்று தமிழுலகம் பாரதியின் குரல் என்று அடையாளம் காணும் பாடல்கள் அனைத்தும் 1905 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. பட்டத்திற்கும் அப்பாடல்களுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளிலும் அவற்றைத் தொடர்ந்த புதுச்சேரி வாழ்விலும் நிகழ்ந்தது யாது என்பதே இங்கு எழும் வினா.

அவைக்களமும் சீட்டுக்கவியும் (1882 – 1898)

பாரதி 1882 திசம்பர் 11 ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்தாம் வயதில் தாயை இழந்தார். தந்தை சமஸ்தானத்தில் செல்வாக்குப் பெற்றவர். கணிதத்திலும் எந்திரத் தொழிலிலும் நாட்டம் கொண்ட அவர், பருத்தி ஆலை ஒன்றை நிறுவி அதில் பொருளிழந்தார். மகன் ஆங்கிலக் கல்வி பெற்று உயர வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் மனமோ தமிழ்ச் செய்யுளில் தோய்ந்திருந்தது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கவிதை பெரும்பாலும் சமஸ்தானங்களையும் மடங்களையும் சார்ந்து வாழ்ந்தது. யமகம், திரிபு, சிலேடை முதலிய சொல்லணி வன்மைகளே புலமையின் அளவுகோல்களாகக் கருதப்பட்டன. ஈற்றடி கொடுத்துப் பாடச் செய்வதும், அவையில் வாதிட்டு வெல்வதும் புலவரின் தகுதியை உறுதிப்படுத்தின. 1893 ஆம் ஆண்டில் எட்டயபுரப் புலவர் அவை சிறுவன் சுப்பையாவுக்குப் பாரதி என்னும் பட்டம் அளித்தது இச்சூழலிலேயே ஆகும். அப்பட்டம் அவையின் மரபை நன்கு கற்றுத் தேர்ந்தமைக்கான சான்றாகும். புதிய குரல் ஒன்றை அவை கண்டுகொண்டமைக்கான சான்றாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

1894 முதல் 1897 வரை பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றார். பொருள் முட்டுப்பாடு சூழ்ந்தபோது, கல்வியைத் தொடர உதவி வேண்டி 1897 ஆம் ஆண்டு எட்டயபுர சமீன்தாருக்குச் செய்யுள் வடிவில் விண்ணப்பம் ஒன்றை விடுத்தார். ஓலைத்தூக்கு என்றும் சீட்டுக்கவி என்றும் வழங்கப்படும் இவ்வகைச் செய்யுள், புலவன் புரவலனுக்கு எழுதும் திருமுகமாகும். புரவலனின் பெருமை விரிவாகக் கூறப்பட்டு, புலவனின் தேவை அதன்பின் உணர்த்தப்படும். பதினான்கு வயது மாணவனின் கைவன்மை அச்செய்யுளில் வெளிப்படுகிறது. ஆயினும் அதில் ஒலிப்பது மரபின் குரலேயாகும். அவ்வாண்டிலேயே அவருக்கும் செல்லம்மாவுக்கும் திருமணம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில் தந்தை மறைந்தார்.

ஈண்டு நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எட்டயபுரத்திற்கு அண்மையிலுள்ள கழுகுமலை முருகனைச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தால் பாடியது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். நொண்டிச்சிந்து, கும்மி, கண்ணி முதலிய இசை வடிவங்களும் அவ்வட்டாரத்தின் காற்றில் கலந்திருந்தவை. பிற்காலத்தில் பாரதியின் கருவிகளாக அமைந்த வடிவங்கள் இளமையிலேயே அவர் செவிக்கு எட்டும் தொலைவில் இருந்தன. எனினும், அவை அவருடைய தொடக்ககாலச் செய்யுளை ஆளவில்லை. அவையை நோக்கிப் பாடும் புலவனுக்குத் தெருவின் இசை தேவைப்படவில்லை என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கமாகும்.

காசியும் ஷெல்லிதாசனும் (1898 – 1904)

தந்தையின் மறைவுக்குப் பின் பாரதி காசிக்குச் சென்று, அனுமன் கட்டத்தில் அத்தை குப்பம்மாள், அவர்தம் கணவர் கிருஷ்ணசிவன் ஆகியோரின் இல்லத்தில் வாழ்ந்தார். வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் அவருக்கு அங்கே வசப்பட்டன. தலைப்பாகையும் மீசையும் அவருடைய தோற்றத்தில் இடம்பெற்றதும் அக்காலத்தில்தான். 1902 ஆம் ஆண்டளவில் எட்டயபுரம் திரும்பி, மீண்டும் சமீன்தாரின் அவையைச் சார்ந்தார். சமீன்தாருக்குச் செய்தித்தாள்களையும் நூல்களையும் படித்துக் காட்டுவதும் உரையாடுவதும் அவர் பணிகளாயின.

இக்காலத்தில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின்பால் அவருக்குப் பெரும் ஈடுபாடு ஏற்பட்டது. ஷெல்லியின் பெயரால் கழகம் ஒன்று அமைத்தும், ஷெல்லிதாசன் என்னும் புனைபெயரைச் சூடியும் அவ்வீடுபாட்டை வெளிப்படுத்தினார். அவைப்புலமையிலிருந்து விலக விரும்பிய இளைஞர் ஒருவர், தம் குரலைக் கண்டடையும் முன்னர்ப் பிறிதொரு குரலின் நிழலில் ஒதுங்கிய நிலை இது. சமஸ்தானப் புலவரின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியவர் அயல்மொழிக் கவிஞர் ஒருவருக்கு விரும்பித் தாசரானார்.

1904 ஆம் ஆண்டில் எட்டயபுரத்தைவிட்டு நீங்கிய பாரதி, மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அச்சில் வெளிவந்த அவருடைய முதற்கவிதையாகிய ‘தனிமை இரக்கம்’ அவ்வாண்டு மதுரையிலிருந்து வெளியான விவேகபாநு இதழில் இடம்பெற்றது. பிரிவுத் துயரைப் பொருளாகக் கொண்ட அக்கவிதையின் உணர்வு தன்னுணர்ச்சிக் கவிதைக்குரியது. சொல்லாட்சியோ பண்டித மரபுக்குரியது. ஆங்கிலப் புனைவியல் கவிதையின் உள்ளமும் எட்டயபுர அவையின் நாவும் அதில் இணைகின்றன; ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தாமைக்குக் காரணம் ஆற்றற்குறைவன்று. யாரிடம் பேசுகிறது என்பதை அக்கவிதை இன்னும் தெளிந்துகொள்ளவில்லை என்பதே காரணமாகும்.

நாளிதழ் மேசையில் பிறந்த நடை (1904 – 1908)

1904 ஆம் ஆண்டின் இறுதியில் சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியர் பணி கிடைத்தது. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்குவது பாரதியின் முதன்மைப் பணியாக இருந்தது. கவிஞரின் வாழ்வில் இப்பணி ஓர் இடையூறு என்று கருத இடமுண்டு. உண்மையில் அவருடைய தமிழ் நடையைத் திருத்திய பெரும்பயிற்சி இதுவே. செய்தி மறுநாள் காலை அச்சேற வேண்டும். வாசகருக்கு முதல் வாசிப்பிலேயே பொருள் விளங்க வேண்டும். உரையாசிரியரின் துணையோடு பொருள்கொள்ளத்தக்க தொடருக்கு அங்கே இடமில்லை. அவைப்புலவர் ஒருபோதும் சந்தித்திராத கேட்போரை, பெயரும் முகமும் அறியப்படாத வாசகரை, அவர் அங்கே சந்தித்தார்.

1905 ஆம் ஆண்டில் பெண்களுக்கான சக்கரவர்த்தினி இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். அதே ஆண்டு நிகழ்ந்த வங்கப் பிரிவினை நாடெங்கும் சுதேசிய உணர்வைக் கிளர்த்தியது. காசிக் காங்கிரசுக்குச் சென்ற பாரதி, அக்காலத்தை ஒட்டிக் கல்கத்தாவில் நிவேதிதா தேவியைக் கண்டு அவரைத் தம் குருவாகக் கொண்டார். 1906 ஆம் ஆண்டு மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவில் தொடங்கப்பட்ட இந்தியா வார இதழ் அவருடைய எழுத்துக்குரிய முழுக்களமாயிற்று.

பங்கிம் சந்திரரின் வந்தே மாதரம் பாடலைப் பாரதி தமிழில் இருமுறை பெயர்த்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது. பொருள் ஒன்றே; மூலமும் ஒன்றே. கூட்டத்தில் பாடுவோருக்கு ஏற்ற சந்தமும் சொல்லும் எவை என்னும் வினாவே ஒரு மொழிபெயர்ப்போடு அவரை அமைதியுறவிடவில்லை. கேட்போர் மாறும்போது யாப்பும் மாறியாக வேண்டும் என்னும் தெளிவு இங்கே அவர் கைவந்துள்ளது.

இத்தெளிவுக்குப் பின்னரே இளமையில் செவிப்பட்ட வடிவங்கள் அவர் கவிதைக்குள் நுழைகின்றன. நொண்டிச்சிந்து அன்றைய பாரத மக்களின் நிலையை எடுத்துரைக்கும் கருவியாயிற்று. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகள் அரசியல் அங்கதத்திற்குப் பயன்பட்டன. இராமலிங்க அடிகளின் பாடலமைப்பு கோகலேயை எள்ளும் பாட்டுக்கு அடித்தளமாயிற்று. மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டில் அவர்கள் அறியாத பொருளைப் பெய்வது இவற்றின் உத்தியாகும். மரபைத் துறந்தமையால் இக்குரல் பிறக்கவில்லை. மரபின் வேறொரு கிளையைத் தெரிந்துகொண்டமையால் பிறந்தது.

1907 ஆம் ஆண்டில் மிதவாதத் தலைவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் அரசியல் கொள்கைக்கு மாறுபட்டவராயினும், அவருடைய மூன்று பாடல்களை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். சமஸ்தானத்தில் சில பத்துப் பேருக்குப் பாடியிருக்கக்கூடிய கவிஞரின் குரல் முதன்முறையாக ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 1908 இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலாக வெளிவந்தது. அவ்வாண்டே இந்தியா இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் கைது செய்யப்பட, தாமும் கைதாகும் நிலையில் பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார்.

கேட்போரை இழந்த காலம் (1908 – 1918)

இந்தியா இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விதிக்கப்பட்டமையால் 1910 ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. தம் வாழ்வையே பொருளாகக் கொண்ட ‘கனவு’ என்னும் செய்யுள் நூலும், ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் கதையும் சென்னை அரசால் தடைசெய்யப்பட்டன. ஒற்றர் கண்காணிப்பும் வறுமையும் சூழ்ந்தன. அவையைத் தாமே துறந்து வாசகரைப் பெற்ற கவிஞர், அவ்வாசகரையும் இப்போது பறிகொடுத்தார்.

இந்த இரண்டாம் இழப்பு அவருடைய கவிதையை முடக்கியிருக்கக் கூடும். நிகழ்ந்தது வேறு. அரவிந்தர், வ.வே.சு. ஐயர் ஆகியோரின் நட்பும், வேதங்களிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் சித்தர் பாடல்களிலும் கொண்ட தோய்வும் அவருக்குத் துணைநின்றன. கீதை மொழிபெயர்ப்பு, ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’, ‘பாஞ்சாலி சபதம்’ ஆகியன 1912 ஆம் ஆண்டையொட்டிய படைப்புகளாகக் கருதப்படுகின்றன. உடனடி வாசகர் எவரும் இல்லாத நிலையில் இவை எழுந்தன. அதனால், யாரிடம் பேசுவது என்பதைக் கவிஞரே படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று நூல்களும் இத்தேவையை மூன்று வகையில் நிறைவேற்றுகின்றன.

‘பாஞ்சாலி சபதம்’ இரு திறத்தாரை முன்னிலைப்படுத்துகிறது. சிறிதளவு எழுத்தறிவுடையோரும் பொருள் உணரத்தக்க எளிய சொல், பொதுமக்கள் விரும்பும் சந்தம் ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்வதே தாய்மொழிக்கு உயிரூட்டும் பணி என்பது அதன் முன்னுரையின் சாரம். நூலின் பெரும்பகுதி சிந்து யாப்பில் அமைந்தமை அதன் விளைவாகும். காணிக்கையோ, தமிழில் இனிப் பிறக்கவிருக்கும் கவிஞர்களுக்கு உரியதாகிறது. அன்றைய வாசகர் எட்டாத் தொலைவில் இருந்தமையால் பாரதி வருங்காலத்தை நோக்கிப் பேசினார். இரண்டு பாகங்களுள் முதற்பாகம் மட்டுமே, 1912 இல், அவர் வாழ்நாளில் அச்சேறியது.

‘கண்ணன் பாட்டு’ இருபத்து மூன்று பாடல்களால் ஆனது. கண்ணனைக் குழந்தையாகவும் காதலனாகவும் பாடும் முறை பெரியாழ்வார், ஆண்டாள், நம்மாழ்வார் ஆகியோர் வகுத்த நெறியாகும். பாரதி அந்நெறியில் தோழன், தாய், தந்தை, சீடன், சேவகன் முதலிய உறவுகளையும் இணைத்தார். உறவு மாறுந்தோறும் பாடுவோனின் பேச்சும் மாறுகிறது. சேவகனைப் பற்றிய பாடலில், வேலையாட்களால் அல்லலுறும் இல்லத்தலைவனின் அன்றாட முறையீடு கவிதை மொழியாகிறது. அந்த வீட்டுப் பேச்சே இறுதியில் இறையனுபவத்தைத் தாங்கும் வலிமை பெறுகிறது. வாசகரற்ற கவிஞர் கடவுளையே பல்வகைக் கேட்போராகப் படைத்துக்கொண்டபோது, பல குரல்களில் பேசவல்ல ஒரே குரல் அவருக்கு வாய்த்தது.

‘குயில் பாட்டு’ கலிவெண்பாவால் இயன்றது. புதுச்சேரியின் புறத்தேயிருந்த சோலை அதன் களன். அதில் கவிஞர் கேட்பவராகிறார், பாடுவது குயில். 1904 ஆம் ஆண்டின் ‘தனிமை இரக்கம்’ தலைவியைக் குயிலோடு ஒப்பிட்டு விளிப்பதில் தொடங்கியது. அங்கே குயில் மரபுவழிப்பட்ட உவமை; இங்கே காதலும் கதையும் உடைய உயிர். எட்டு ஆண்டுகளில் உவமையொன்று பாத்திரமாக வளர்ந்துள்ளது. உட்பொருள் காணும் பணியைப் புலவர்களிடம் ஒப்படைத்து நூல் முடிகிறது. அதில் தோன்றும் மெல்லிய நகை, அவைப்புலவர்களின் மதிப்பீட்டுக்கு அவர் இனியும் கட்டுப்பட்டவரல்லர் என்பதை உணர்த்துகிறது.

யாப்பின் எல்லையைக் கடந்து எழுதப்பட்ட ‘காட்சி’ முதலிய வசன கவிதைகளும் இப்புதுச்சேரி வாழ்வின் விளைவுகளாகும். வேத சூக்தங்களின் அமைப்பும் வால்ட் விட்மனின் முன்மாதிரியும் அவற்றுக்குப் பின்புலமாகச் சுட்டப்படுகின்றன. ஷெல்லியின் முன் தாசராக நின்ற இளைஞருக்கும், விட்மனை அறிந்து தம் தேவைக்கு ஏற்பப் பயன்கொண்ட கவிஞருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. சக்திதாசன் என்னும் புனைபெயரும் அவருக்குரியதாயிருந்தமை இவ்வேறுபாட்டோடு இணைத்து எண்ணத்தக்கது.

மீண்டும் ஒரு சீட்டுக்கவி (1918 – 1921)

1918 நவம்பரில் புதுச்சேரியைவிட்டு வெளியேறிய பாரதி, கடலூர் அருகே கைது செய்யப்பட்டு ஏறத்தாழ மூன்றரை வாரம் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் மனைவியின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை நீங்கவில்லை. 1919 ஆம் ஆண்டில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், எட்டயபுர அரண்மனைக்கு மீண்டும் சீட்டுக்கவி விடுத்தார்.

வடிவம் பழையது, முகவரியும் பழையது, தேவையும் முன்போலப் பொருளே. பேசுவோன் மட்டும் மாறியிருந்தான். சீட்டுக்கவியில் புலவன் தன்னைப் புகழ்ந்துரைப்பது மரபு ஏற்றுக்கொண்ட ஒன்றேயாதலால், 1919 ஆம் ஆண்டுச் செய்யுளில் காணப்படும் பெருமிதத்தை மட்டும் கொண்டு மாற்றத்தை நிறுவ இயலாது. பெருமிதத்தின் அடிப்படையே இங்கு நோக்கத்தக்கது. மரபுவழிப் புலவன் தான் கற்ற கல்வியையும் வென்ற அவையையும் காட்டித் தன்னை உயர்த்துவான். பாரதியோ தம் கவிதையின் புதுமையைக் காட்டுகிறார். உலகம் போற்றத்தக்க பெருங்கவிஞர் தமிழுக்கு இல்லை என்னும் பழி தம்மால் நீங்கியது என உரைக்கிறார். புரவலனின் அங்கீகாரம் கவிஞனுக்குத் தகுதி தருவது என்னும் உறவு தலைகீழாகிறது. தகுதி முன்னரே அமைந்துவிட்டது. உதவுவதால் பெருமை அடையப்போவது புரவலனே. அவைக்காக எழுதக் கற்ற வடிவத்தில் நின்றே அவையைக் கடந்த குரல் அங்கே ஒலிக்கிறது.

அச்செய்யுள்கள் அவருடைய வறுமையைத் தீர்க்கவில்லை. 1920 ஆம் ஆண்டில் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டுப் பொருளுதவி வேண்டினார். அத்திட்டமும் நிறைவேறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சுதேசமித்திரனில் மீண்டும் பணியேற்றார். 1921 ஆம் ஆண்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானையால் தாக்குண்டு மீண்டார். பின்னர் வயிற்றுநோயால் நலிந்து, செப்டம்பர் 11 ஆம் நாள் நள்ளிரவு கடந்து மறைந்தார். அப்போது அவருக்கு 39 வயது நிறைவடையவில்லை.

நிறைவுரை

பாரதியின் கவிதை வாழ்வில் மூன்று கட்டங்கள் தெளிவாகப் பிரிகின்றன. எட்டயபுரத்தில் அவர் புரவலனையும் அவையையும் நோக்கிப் பாடினார். அவைக்குரிய மொழி அமைந்தது. சென்னையில் முகமறியா வாசகரை நோக்கி எழுதினார். எளிமையும் சிந்தும் கைவந்தன. புதுச்சேரியில் அவ்வாசகரையும் இழந்து, கண்ணனையும் குயிலையும் பிறவாத கவிஞர்களையும் கேட்போராக்கிக்கொண்டார். அங்கே அவருடைய குரல் முழுமை பெற்றது.

இம்முடிவு படைப்பாளுமை பற்றிய பொதுக்கருத்து ஒன்றைத் திருத்தவும் உதவும். தனிக்குரல் என்பது மரபை விட்டு விலகித் தன்னுள் மூழ்கித் தேடியெடுக்கும் பொருள் என்று கொள்ளப்படுகிறது. பாரதியின் வாழ்வு இதனை உறுதிப்படுத்தவில்லை. சிந்தும் கீர்த்தனையும் பாசுரமும் சீட்டுக்கவியும் மரபின் செல்வங்களே. அவற்றுள் எதனை எப்போது எடுப்பது என்பதை, யாரிடம் பேசுகிறோம் என்னும் தெளிவே அவருக்கு உணர்த்தியது.

அத்தெளிவுக்கு அவர் தந்த விலையும் மறக்கத்தக்கதன்று. குரல் செம்மையுற்ற அளவுக்கு, உடனிருந்து கேட்போர் குறைந்தனர். 1907 இல் 15,000 படிகளாகப் பரவிய பாடல்களின் ஆசிரியர், தம் பெருநூலின் இரண்டாம் பாகத்தை அச்சில் காணாமலேயே மறைந்தார். பட்டமளித்த அவையின் பெருமைக்குரிய சிறுவராக மட்டும் அவரைக் காண்போர், இவ்விலையைக் கணக்கில் கொள்ளத் தவறுகின்றனர். பாரதியின் தொடக்ககாலச் செய்யுள்களைப் பிற்காலப் பெருமையின் ஒளியில் படிப்பதை விடுத்து, அவை யாரை நோக்கி எழுந்தன என்னும் வினாவோடு அணுகுவது, அவருடைய வளர்ச்சியைச் செவ்வனே அளப்பதற்கு இன்றியமையாதது.